பட்டம் பிடித்துப் பதக்கம் வென்ற 17 வயது வீரர். கரையிலேயே நிற்கும் இந்தியா

புதுதில்லி: பெரும் பட்டம் இழுக்க, பலகை மீது நின்றபடி கடலில் விரையும் 'கைட் ஃபாயிலிங்' போட்டி, 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக இடம்பெற்றது. பலகையின் அடியில் நீண்ட தண்டும் அதன் முனையில் சிறு இறக்கைகளும் உண்டு. வேகம் கூடியதும் இறக்கைகள் பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடும். மணிக்கு 60 கிலோ மீட்டரையும் தாண்டலாம்.

ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்ற சிங்கப்பூரின் மேக்ஸ் மேடருக்கு அப்போது வயது 17. பதக்கம் கிடைத்த ஆகஸ்ட் 9 அவரது நாட்டின் தேசிய தினம்; பாரீஸில் அந்நாடு பெற்ற ஒரே பதக்கமும் அதுவே. 2023-ல் 16 வயதிலேயே உலக சாம்பியனான அவர், அதே ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் தங்கம் வென்றிருந்தார்.

7,500 கி.மீ.க்கும் அதிகமான கடற்கரை கொண்ட இந்தியாவிலிருந்து பாரீஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகளுக்குச் சென்றவர்கள் இருவரே. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன், சென்னையின் நேத்ரா குமணன். விஷ்ணுவை வளர்த்தது ராணுவம். பட்டப் பிரிவில் ஒருவரும் இல்லை.

சென்னைக்கு வடக்கே, தடாவை ஒட்டி விரிந்துகிடக்கும் பழவேற்காடு ஏரியில் பயிற்சி தொடங்கலாமே எனத் தோன்றக்கூடும். நடவாது. பல இடங்களில் ஆழம் 1 மீட்டர்தான். தண்டு தரை தட்டும். தவிர, அது பூநாரைகள் வந்திறங்கும் சரணாலயம். திறந்த கடலும் மீட்புப் படகும் பயிற்சியாளரும் வேண்டும். விலை உயர்ந்த சாதனங்களுக்குப் பணம் தருவோரும் வேண்டும்.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் இப்பிரிவு உண்டு. 6 வயதில் பட்டம் பிடித்த மேடருக்கு ஒலிம்பிக் மேடையேற 11 ஆண்டுகள் தேவைப்பட்டன.