கொற்கையை விட்டு விலகிய கடல் வான் தீவைக் கரைப்பது ஏன்?

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் திருச்செந்தூர்க் கோயிலின் முன்னே கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிவதுண்டு. சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் அந்நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுகின்றன. சில மணி நேரத்தில் நீர் திரும்பிவிடும். இதற்கும் பருவநிலை மாற்றத்திற்கும் தொடர்பில்லை.

"பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே! கடல் மட்டம் உயர்கிறது என்பது எப்படிப் பொருந்தும்?" என்று சிலர் கேட்பர். நல்ல கேள்விதான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் அங்கே நிலம் வளர்ந்தது. ஓரிடத்தில் கரை நகர்வது வேறு. உலகக் கடல் மட்டம் வேறு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. சூடேறிய நீர் விரிவதும், பனிப்பாறைகள் உருகுவதுமே முக்கியக் காரணங்கள்.

பனியுகம் வருமென்றார்களா?

"1970களில் பூமி குளிரும் என்றவர்கள்தானே விஞ்ஞானிகள்?" என்பது அடுத்த கேள்வி. ஆலைப்புகையின் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்ச்சி தருகின்றன. கரியமில வாயுவோ வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது. இதனால் பூமி சூடேறும் என்று அர்ரீனியஸ் 1896லேயே கணக்கிட்டார். இவ்விரண்டில் எது வெல்லும் என்பதே அன்றைய விவாதம். 1965 முதல் 1979 வரை வெளியான கட்டுரைகளை 2008இல் மூவர் ஆராய்ந்தனர். குளிர்ச்சியை எதிர்பார்த்தவை 7. வெப்பத்தை எதிர்பார்த்தவை 44. துகள்கள் சில வாரங்களுக்குள் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவின் பாதிப்போ நூற்றாண்டுக் கணக்கில் நீடிக்கும். 1958இல் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த அது இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

தேய்ந்த தீவு

தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவு பெருமளவு சுருங்கிவிட்டது. இதற்குக் கடல் மட்ட உயர்வை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை மனிதர் வெட்டியதால், அலையைத் தடுத்த அரண் போயிற்று. 2015 முதல் அங்கே செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டன.

ஆனால் புதிய பவளம் வளர, கடலும் இடம் தர வேண்டுமே! நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவளப்பூச்சி தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 2016இல் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பல பவளங்கள் மடிந்தன. வெட்டுவதை நம் ஊரிலேயே நிறுத்தலாம். கடல் சூடேறுவதை நிறுத்த உலகமே முயல வேண்டும்.