சினைப் புரதம் சுரந்த ஆண் மீன்கள்

மீன் அலசும்போது வயிற்றில் சினை இருந்தால் அது பெண் மீன். இது எல்லோருக்கும் தெரியும். சினையின் மஞ்சள் கருவுக்கான புரதம் கல்லீரலில் உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் வைட்டலோஜெனின். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இரத்தத்தில் வந்து ஏவினால்தான் கல்லீரல் அதைத் தயாரிக்கும். ஆண் மீனின் கல்லீரலுக்கும் அந்த வேலை தெரியும், ஏவத்தான் ஆளில்லை.

1990களில் இங்கிலாந்தில் ஜான் சம்ப்டர் முதலிய ஆய்வாளர்கள் ஆண் ட்ரவுட் மீன்களைக் கூண்டிலிட்டு, ஆறுகளில் கழிவுநீர் கலக்கும் இடங்களில் சில வாரங்கள் விட்டுவைத்தார்கள். அவற்றின் இரத்தத்தில் வைட்டலோஜெனின் பெருகியது. பல ஊர்களில் காரணம், மனிதச் சிறுநீரோடு வரும் ஹார்மோன்கள். யார்க்ஷரின் ஏர் ஆற்றில் முதன்மைக் காரணம் வேறு. அங்கே கம்பளி ஆலைகள் ஆட்டு ரோமத்தின் பிசுக்கைப் போக்க நோனைல்பீனால் எத்தாக்சிலேட் வகைச் சலவைச் சரக்கைப் பயன்படுத்தின. சுத்திகரிப்பு நிலையத்துப் பாக்டீரியாக்கள் அதை அரைகுறையாகவே சிதைத்தன. மிஞ்சியது நோனைல்பீனால். ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் ஏற்பியில் இதுவும் ஒட்டிக்கொள்ளும். உண்மையான ஹார்மோனைவிட வீரியம் மிகக் குறைவுதான்; ஆனால் ஆற்றில் அதன் அளவு அதிகம். கூண்டு மீன்களின் விதைப்பை வளர்ச்சியும் குன்றியது. எனக்கு இதில் அச்சம் தருவது ஒன்றுதான்: மீன்கள் செத்து மிதக்கவில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆறு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆலைகள் அந்தச் சரக்கைக் குறைத்ததும் மீன்களில் பாதிப்பும் குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆலைச் சலவையில் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2021 பிப்ரவரி முதல், தண்ணீரில் துவைக்கும் துணிகளில் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் எடையில் 0.01 சதவீதத்தை எட்டினால் அங்கே விற்க முடியாது. வீட்டில் துவைக்கும்போது அது தங்கள் ஆறுகளில் சேரக் கூடாது என்பதே நோக்கம். திருப்பூரிலிருந்து போகும் பனியனுக்கும் இதுதான் விதி.

அந்த விதி துணியை அளக்கிறது. இங்கே அதை அலசிய தண்ணீரை அளப்பதில்லை. சாயப்பட்டறை, சலவைப்பட்டறை நடத்துவோர் சோப்புக் கேன் வாங்கும்போது உள்ளே இருப்பது நோனைல்பீனால் வகையா என்று கேளுங்கள். மாற்றாக ஆல்கஹால் எத்தாக்சிலேட் கிடைக்கிறது. ஏற்றுமதித் துணிக்குக் காட்டும் கவனத்தை நம் நொய்யல் ஆற்றுக்கும் காட்டுங்கள்.