கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்

சகோதரிகளே, ஓட்டு எண்ணும் இடத்தில் சந்தேகம் வந்தால் "அப்புறம் கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்று சிலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். கோர்ட் வழி எவ்வளவு நீளம் என்பதற்கு ராதாபுரமே சாட்சி.

2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று தள்ளப்பட்டிருந்தன. சான்றொப்பம் போட்டவர் தலைமையாசிரியர், அது போதாதாம்! அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில்தான் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது.

சட்டமன்றத் தேர்தலில் எண்ணி முடித்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் மொத்த ஓட்டை அறிவிப்பார். அவர் 20-ஆம் படிவத்தில் கையெழுத்து போடுவதற்கு முன், வேட்பாளரோ ஏஜெண்டோ காரணம் எழுதி மறு எண்ணிக்கை கேட்கலாம். மறுத்தால் அவரும் காரணத்தை எழுதித்தான் மறுக்கணும். கையெழுத்து விழுந்தாச்சுன்னா அந்தக் கதவு மூடிவிடும். பிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான். கலெக்டரிடம் மனு கொடுத்துப் பயனில்லை.

எந்தக் கட்சிக்காக பூத்தில் உட்கார்ந்தாலும் சரி, ஓட்டுப்பதிவு முடிந்ததும் 17சி படிவ நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள், பஸ்ஸுக்கு நேரமானாலும்! பதிவான மொத்த ஓட்டு, இயந்திர எண், சீல் எண் எல்லாம் அதில் இருக்கும். 2021-ல் நம் விராலிமலையிலேயே இயந்திரங்கள் பற்றி ஆட்சேபணை எழுந்து எண்ணிக்கை தாமதமானது. அந்த மாதிரி நேரத்தில் மேஜைக்கு வரும் இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏஜெண்டின் கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான்.