எக்காளங்களுக்கு ஓர் இல்லம்

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே பொட்ஸ்டவுன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பண்ணையொன்றின் பழைய களஞ்சியத்தைத் திருத்தியமைத்து, 1980ஆம் ஆண்டிலே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அரசர்களின் முடிகளோ போர்வாள்களோ அங்கு இல்லை. எக்காளமும் அதன் இனத்தைச் சேர்ந்த ஊதுகருவிகளுமே அதன் செல்வங்கள். வெண்கலக் காலத்துக் கொம்புகளின் பிரதிகள், சுவிட்சர்லாந்து மலைநாட்டு இடையர் ஊதும் 12 அடி நீளமான பைன்மரக் கொம்பு, பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த பித்தளை வாத்தியங்கள் என ஏறக்குறைய ஆயிரம் பொருள்கள் அங்கே சேர்க்கப்பட்டிருந்தன.

இதனை நிறுவியவர் பிரான்ஸ் ஸ்ட்ரைட்வீசர். 1939இல் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலே பிறந்தவர். பிரைபர்க் நகர இசைக்குழுவில் எக்காளம் வாசித்தவர். தாம் வாசித்த வாத்தியத்தின் முன்னோர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று.

பழைய பித்தளைக் குழாய்களைச் சேர்த்து வைப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். இதற்கு விடை காண, எக்காளம் ஒலிக்கும் விதத்தை அறிதல் வேண்டும். நாதஸ்வரத்திலே சீவாளி செய்யும் வேலையை எக்காளத்தில் வாசிப்பவரின் உதடுகளே செய்கின்றன. சங்கு ஊதும்போது நிகழ்வதும் இதுவே. உதடுகள் அதிர, குழாயினுள் இருக்கும் காற்றும் அதிர்ந்து நாதம் பிறக்கிறது. ஆயினும், துளைகளற்ற ஒரே நீளமுள்ள குழாயில் எல்லாச் சுரங்களும் பிறப்பதில்லை. அடிச் சுரத்தின் அதிர்வெண்ணை இரண்டு, மூன்று, நான்கு எனப் பெருக்கினால் வரும் சுரங்கள் மட்டுமே கிடைக்கும். அடிச் சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டால், இரண்டாவது மேல் ஸட்ஜம், மூன்றாவது பஞ்சமம், நான்காவது மீண்டும் ஸட்ஜம், ஐந்தாவது காந்தாரம், ஆறாவது பஞ்சமம். இடையிலே பெரும் வெளிகள் கிடக்கின்றன. எட்டாவதற்கு மேற்பட்ட உச்ச ஸ்தாயியிலேதான் ஸ ரி க ம ப என்று சுரங்கள் அடுத்தடுத்து வருகின்றன.

ஆகவே, பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய எக்காள வித்துவான்கள், ஏழு எட்டு அடி நீளமான குழாயை மடித்துச் செய்த வாத்தியத்திலே, உதடுகளின் வலிமையொன்றையே துணைகொண்டு உச்ச ஸ்தாயியில் இராகம் இசைத்தார்கள். லைப்சிக் நகரிலே செபஸ்தியான் பாஹ் இயற்றிய உருப்படிகளுக்கு எக்காளம் வாசித்த கொட்பிரீட் றைஹே இக்கலையில் மிகப் பெயர் பெற்றவர். 1734ஆம் ஆண்டிலே வீடு திரும்பும் வழியில் அவர் தெருவிலே விழுந்து இறந்தார்.

இசைக்கருவி செய்வோர் இந்தக் குறையை நீக்க முயன்றனர். வியன்னாவில் அன்ரன் வைடிங்கர் என்பவர், துளைகளும் அவற்றை மூடும் சாவிகளும் அமைந்த எக்காளமொன்றை வாசித்தார். அவருக்காகவே ஹைடன் 1796இல் புகழ்பெற்ற எக்காள இசையுருப்படியை எழுதினார். பின்னர் 1818இல் ஸ்ரோல்செல், புளூமெல் என்னும் இருவர் பிரஷ்ய நாட்டில் வால்வு அமைப்புக்கு உரிமை பெற்றனர். வால்வை அழுத்தினால் ஒரு துணைக்குழாய் திறந்து காற்றின் பாதை நீளும், சுரம் இறங்கும். மூன்று வால்வுகளைத் தனித்தும் சேர்த்தும் அழுத்துவதால், இடைவெளிகள் நிரம்பி எல்லாச் சுரங்களும் கைக்கு வந்தன. உதடுகளால் மட்டும் உச்ச ஸ்தாயியை ஆளும் பழைய கலையோ வழக்கொழிந்தது.

கலை மறைந்தபின் அதற்குரிய கருவி பிழைப்பது அரிது. பித்தளை செம்பும் நாகமும் கலந்த உலோகம். உருக்கினால் மறுபடி விலை போகும். எஞ்சிய கருவிகள் அருமையானவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நியூரம்பேர்க் நகரத்துக் கைவினைஞர் தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டிச் செய்த எக்காளங்களின் தகட்டுத் தடிப்பையும் உட்குழாயின் விட்டத்தையும் அளந்தறிந்தே இன்றைய கைவினைஞர் பிரதிகளைச் செய்கின்றனர். 1960ஆம் ஆண்டளவிலிருந்து பல பிரதிகளில், சுருதியைத் திருத்துவதற்கெனச் சிறு துளைகள் இடப்பட்டு வருகின்றன. பழைய வாத்தியத்தில் அவை இல்லை. பழைய வித்துவான்கள் துளையின்றியே சாதித்தார்கள் என்பதற்கு அந்த வாத்தியமே நேர்ச் சாட்சி.

அவ்வாறாயின், பழைய வாத்தியங்களை ஊதிப் பார்க்கலாமா? தூதன்காமன் என்னும் எகிப்திய மன்னனின் கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதிலே வெள்ளியாலும் செம்புக் கலவையாலும் ஆன இரண்டு எக்காளங்கள் கிடைத்தன. 1939இல் கெய்ரோவிலிருந்து பி.பி.சி. அவற்றின் ஓசையை உலகெங்கும் ஒலிபரப்பியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிய நாதம் வானொலி வழியே மக்களின் செவிகளுக்கு எட்டியது. ஆயினும், மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும். நலிந்த தகடு அழுத்தத்தால் வெடிக்கவும் கூடும். ஊதாவிடின் ஓசை தெரியாது. ஊதினால் கருவிக்கு ஆபத்து. ஆகையினால், மூலத்தைப் பேணிப் பிரதியை ஊதுவதே பெரும்பாலும் உகந்த வழியாகக் கொள்ளப்படுகிறது.

மூலத்தைப் பேணுவதும் இலகுவான காரியமன்று. பொட்ஸ்டவுன் நூதனசாலை 1995இல் கலைக்கப்பட்டது. அதன் சேர்க்கை கடல் கடந்து, ஒஸ்திரியாவிலே கிரெம்ஸ்மூன்ஸ்டர் என்னும் ஊரிலுள்ள கிரெம்செக் மாளிகைக்குச் சென்றது. அங்கிருந்த இசைக்கருவி நூதனசாலையும் 2018இல் மூடப்பட்டது. சேர்க்கை மீண்டும் இடம் மாற வேண்டியதாயிற்று. ஸ்ட்ரைட்வீசர் 2021இல் காலமானார்.

ஒருவருடைய ஆர்வம் ஆயிரம் பொருள்களை ஒன்று சேர்த்துவிடும். அவர் காலத்துக்குப் பின்னும் அவை சிதறாதிருக்க வேண்டுமாயின், பொருளும் இடமும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். பொது நிறுவனங்களின் பொறுப்புணர்ச்சி அவற்றினும் வேண்டும். சிறிய நூதனசாலையொன்று மூடப்படும்போது பெரும் ஆரவாரம் எழுவதில்லை. எனினும், அங்கே இருந்த ஒரு கருவி தொலைந்துபோனால், அதன் அளவுகளும் அதனைச் செய்த கையின் நுட்பமும் அதனோடு தொலைகின்றன. பாஹ் கேட்ட எக்காளத்தின் ஓசையை நாளை ஒருவர் மீட்டெடுக்க விரும்பினால், அவருக்கு அளவெடுக்க ஒரு மூலக்கருவி இருத்தல் வேண்டும்.