இருபத்துமூன்று நாள் வாழ்ந்த இரும்புக் கப்பல்

ஒரு யுத்தக் கப்பல் 23 நாட்களே போர்க்களத்தில் இருந்தது என்றால், அதற்குச் சரித்திரத்தில் என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தென்னாட்டார் செலுத்திய ‘ஆர்க்கன்ஸாஸ்’ என்னும் கவசக் கப்பலின் கதையை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

அடிமை முறையைக் காக்கும்பொருட்டுத் தென் ராஜ்யங்கள் ஐக்கியத்தினின்று பிரிந்தன. 1861ஆம் வருஷம் யுத்தம் மூண்டது. அவ்வருஷம் அக்டோபரில் மெம்பிஸ் நகரில் இக்கப்பலின் வேலை தொடங்கிற்று. அந்நகரம் வடநாட்டார் வசமாகுமுன், முற்றுப்பெறாத கப்பலை யாஸு நதிக்குள் கொண்டு சென்றனர். 1862 மே மாத இறுதியில் ஐஸக் நியூட்டன் பிரவுன் அதன் பொறுப்பை ஏற்றார். யந்திரங்கள் பிரிந்து கிடந்தன. கவசம் அரைகுறையாக இருந்தது. அவரோ சுமார் ஐந்து வாரங்களில், ரயில் தண்டவாளங்களையே கவசமாகப் பொருத்தி, பத்துப் பீரங்கிகளை ஏற்றிக் கப்பலைப் போருக்குச் சித்தமாக்கினார்.

ஜூலை 15ந் தேதி காலை யாஸு நதியில் மூன்று வடநாட்டுக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒன்று முடமாயிற்று, மற்ற இரண்டும் திரும்பி ஓடின. துரத்திச் சென்ற ஆர்க்கன்ஸாஸ் மிஸிஸிப்பி நதியை அடைந்தபோது, பாரகட், டேவிஸ் என்னும் தளபதிகளின் கப்பற்படைகள் அங்கே நங்கூரமிட்டு நின்றன. பெரும்பாலானவற்றில் நீராவி எழுப்பப்படவில்லை. இருபுறமும் குண்டுமாரி பொழிய, அவற்றின் நடுவே சுட்டுக்கொண்டே புகுந்து விக்ஸ்பர்க் துறையைச் சேர்ந்தது. புகைபோக்கி சல்லடையாயிற்று. நீராவியின் அழுத்தம் 120 ராத்தலிலிருந்து 20 ராத்தலாகக் குறைந்தது. மாலுமிகள் பலர் மாண்டனர், பிரவுனும் காயமுற்றார்.

பின்னர் பேட்டன் ரூஜ் நகரை மீட்கச் செல்லும் தரைப்படைக்கு உதவுமாறு உத்தரவு வந்தது. பிரவுன் நோயுற்றிருந்தார், தலைமை யந்திர நிபுணரும் அவ்வாறே. ஆகஸ்ட் 3ந் தேதி உதவித் தளபதி ஸ்டீவன்ஸ் கப்பலைச் செலுத்தினார். வழியில் யந்திரம் பலமுறை பழுதுபட்டது. 6ந் தேதி எதிரிக் கப்பல்கள் நெருங்கிய வேளையில் அது முற்றிலும் நின்றுவிட்டது. மாலுமிகள் தாங்களே கப்பலுக்குத் தீ மூட்டிக் கரையேறினர். எரிந்துகொண்டே மிதந்து சென்ற கப்பல் வெடித்து மூழ்கியது.

இரண்டு கப்பற்படைகள் செய்ய இயலாததை உள்ளிருந்த யந்திரம் செய்து முடித்தது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. தென்னாட்டுச் செல்வர்கள் தங்கள் பொருளைப் பருத்தி நிலத்திலும் அடிமைகளிலும் முடக்கினார்கள். பட்டறைகளும் தொழிற்சாலைகளும் வடக்கிலேயே பெருகின. எந்த முறையைக் காக்கத் தென்னாடு போர் தொடுத்ததோ, அம்முறையே அதன் கையைப் பலவீனப்படுத்திற்று.

பிரவுனுடைய ஊக்கத்தையும் மாலுமிகளின் தீரத்தையும் மறுப்பார் இல்லை. ஆனால் அத்தீரம் வென்றிருந்தால், சுமார் 40 லக்ஷம் அடிமைகளின் விலங்கு மேலும் இறுகியிருக்கும். வீரத்தை எடைபோடும்போது, அது யாருக்கு ஊழியம் செய்தது என்பதையும் சேர்த்து எடைபோடுவதே நியாயம்.