ஒரே கரும்புத் தோட்டம், இரு தீவு மக்கள்: ஹவாயில் ஒகினாவா, போர்ச்சுகீசிய வம்சாவளியினரின் பாதைகள் பிரிந்தது எப்படி?

அமெரிக்காவின் ஹவாய் மாகாண ஆளுநர் தேர்தலில் 2014-ஆம் ஆண்டு டேவிட் இகே வெற்றி பெற்றார். ஒகினாவா வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்க மாகாணம் ஒன்றின் ஆளுநரானது அதுவே முதல் முறை. அதற்கு 114 ஆண்டுகளுக்கு முன்பு ஹோனலுலு துறைமுகத்தில் வந்திறங்கிய ஒகினாவா கூலித் தொழிலாளர்களின் எண்ணிக்கை வெறும் 26. தோட்டத்துரைகளின் கணக்கில் அன்று அவர்களே கடைசி வரிசையில் நின்றார்கள். உடன் வந்த பிற ஜப்பானியர்களும் அவர்களைத் தங்களுக்குச் சமமாக மதிக்கவில்லை.

அதே கரும்புத் தோட்டங்களுக்கு ஐரோப்பாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். அவர்களில் பெரும்பான்மையினர் போர்ச்சுகலின் மடெய்ரா, அசோரஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள். கூலி, பதவி, குடியுரிமை என அனைத்திலும் ஆரம்பத்தில் அவர்களுக்கே முன்னுரிமை கிடைத்தது. எனினும் இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு கல்வியிலும் அரசுப் பணியிலும் தொழில்முறை வேலைகளிலும் ஜப்பானிய வம்சாவளியினர் முந்தினர். ஒகினாவா மக்களும் அவர்களில் அடங்குவர். இரத்தத்தாலும் பண்பாட்டாலும் விளைந்த வேறுபாடு இது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. ஆவணங்கள் காட்டும் வரலாறு அவ்வளவு எளிதானது அல்ல.

வறுமை விரட்டிய இரு தீவுகள்

இரு சமூகங்களின் தொடக்கமும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. மடெய்ராவில் திராட்சைக் கொடிகளைத் தாக்கிய நோயால் 1870-களில் மதுத் தொழில் நசிந்தது. சிறு விவசாயிகள் கடனில் மூழ்கினர். 1878 செப்டம்பர் 30-ஆம் தேதி 'பிரிசில்லா' என்ற கப்பல் சுமார் 120 மடெய்ரா மக்களுடன் ஹோனலுலுவை அடைந்தது. 1910-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹவாயில் வாழ்ந்த போர்ச்சுகீசியர்களின் எண்ணிக்கை 22 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

ஒகினாவாவோ தனி அரசாக இருந்த ரியூக்யூ நாட்டின் தாயகம். 1879-இல் அந்த அரசை நீக்கிய ஜப்பான், தீவுகளைத் தன் மாவட்டங்களில் ஒன்றாக இணைத்துக்கொண்டது. ஊர்ப் பொதுவில் இருந்த நிலத்தைத் தனியுடைமையாக்கும் சீர்திருத்தம் 1899-இல் தொடங்கியது. நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த விவசாயி அதன்பிறகே ஊரை விட்டு வெளியேற முடிந்தது. வரிச்சுமை அவனை வெளியேறவும் தூண்டியது. கின் கிராமத்தைச் சேர்ந்த தோயாமா கியூசோ ஏற்பாடு செய்த முதல் குழு 1900 ஜனவரி 8-ஆம் தேதி ஹவாய்க்கு வந்து, எவா கரும்புத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது. ஜப்பானின் பிற பகுதிகளிலிருந்து அரசு ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் 1885-இலேயே வந்துவிட்டனர். அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளி சிறியதன்று. நல்ல வேலைகளும் கடைகளும் சங்கங்களும் அதற்குள் பிறர் கைக்குப் போய்விட்டன.

பிஜி, மொரீஷியஸ் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டு சென்றதும் இதே சர்க்கரைப் பொருளாதாரம்தான். வேலை வாங்கும் முறையும் பெரிதும் மாறுபடவில்லை.

தோலின் நிறமும் கூலியும்

ஹவாய்த் தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டவர்கள் வெறும் தொழிலாளர்கள் மட்டுமல்லர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை பெருகுவதைக் கண்டு அஞ்சிய அவர்கள், அதற்கு எதிர்ச்சமனாக ஐரோப்பியர்களைக் குடியேற்ற விரும்பினர். எனவே போர்ச்சுகீசியர்களைக் குடும்பத்துடன் அழைத்து வந்தனர். பயணச் செலவு பன்மடங்கு அதிகமானாலும் தயங்கவில்லை. பின்னாளில் வந்தவர்களில் சிலருக்கு வீடும் சிறு நிலமும் தருவதாக வாக்களித்தனர். ஒகினாவா மக்களில் முதலில் வந்தவர்களோ பெரும்பாலும் தனி ஆண்கள்.

வயலில் குதிரை மீதமர்ந்து வேலை வாங்கியவர் 'லூனா' எனப்பட்டார். தமிழர்கள் அறிந்த சொல்லில் கூறினால், கங்காணி. அப்பதவியில் போர்ச்சுகீசியர் பலர் இருந்தனர். ஆனால் தோட்ட மேலாளர் பதவிக்கு அவர்கள் எளிதில் உயர முடியவில்லை. அது 'ஹாவ்லே' எனப்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மானிய வெள்ளையர்களுக்கு உரியதாக இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நெடுங்காலம் போர்ச்சுகீசியர்களை 'பிற வெள்ளையர்'களிடமிருந்து பிரித்தே எண்ணியது.

1909-ஆம் ஆண்டு ஓஹூ தீவில் ஏறத்தாழ 7 ஆயிரம் ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களின் மையக் குற்றச்சாட்டு ஒரே வரியில் அடங்கியது: ஒரே வேலைக்கு ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர், போர்ச்சுகீசியருக்கும் போர்ட்டோரிக்கருக்கும் 22.50 டாலர். நான்கு மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. தலைவர்கள் சிறை சென்றனர். ஆயினும் இன அடிப்படையிலான கூலி வேறுபாட்டை வெளிப்படையாக நியாயப்படுத்துவது அதன்பின் கடினமாயிற்று, கூலியும் உயர்த்தப்பட்டது.

சட்டம் திறந்த கதவும் மூடிய கதவும்

கூலியைவிட நீடித்த விளைவை ஏற்படுத்தியது சட்டமே. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெற முடியும். மடெய்ராவிலிருந்து வந்தவருக்கு அந்த வழி திறந்திருந்தது. வாக்குரிமையும் அதனுடன் வந்தது. ஜப்பானில் பிறந்தவருக்கு அந்த வழியே இல்லை. ஹவாயில் வாழ்ந்த டக்காவோ ஓசாவா தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-இல் இதை உறுதி செய்தது. 1952-இல்தான் தடை நீங்கியது. அதற்குள் முதல் தலைமுறையினர் முதுமை அடைந்திருந்தனர்.

பயணத்திலும் வேறுபாடு காட்டப்பட்டது. ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்கு ஜப்பானியத் தொழிலாளர்கள் செல்வதை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1907-இல் தடை செய்தார். போர்ச்சுகீசியர்களுக்கு அந்தத் தடை இல்லை. கூலி அதிகமாகவும் நிலம் வாங்கும் வாய்ப்பாகவும் இருந்த கலிபோர்னியாவுக்கு அவர்களில் பலர் சென்றுவிட்டனர்.

ஒப்பீட்டாளர்கள் பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. முன்னேறத் துடித்த போர்ச்சுகீசியக் குடும்பங்களில் ஒரு பகுதி ஹவாய்க் கணக்கிலிருந்தே வெளியேறிவிட்டது. அவர்களின் உயர்வு கலிபோர்னியாவின் கணக்கில் சேர்ந்தது. அதேபோல், தோற்றுப்போன அல்லது போதுமான அளவு சேமித்த ஒகினாவா தொழிலாளர்களில் பலர் தாயகம் திரும்பிவிட்டனர். எஞ்சியவர்களை மட்டும் எண்ணி ஒரு சமூகத்தின் 'திறமை'யை அளப்பது எவ்வளவு சரியாக இருக்கும்?

பன்றித் தொட்டியும் சீட்டும்

ஒகினாவா மக்கள் இரட்டைப் புறக்கணிப்பைச் சந்தித்தனர். வெள்ளையர் பார்வையில் அவர்கள் ஜப்பானியர். ஜப்பானியர் பார்வையில் அவர்கள் வேற்றினத்தார். மொழி புரியவில்லை என்ற ஏளனம் ஒருபுறம். கைகளில் பச்சை குத்திய முதிய பெண்களைச் சுட்டிக்காட்டிய கேலி மறுபுறம். மணவுறவும் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. பன்றித் தீவனத்தைக் குறிக்கும் 'புத்தா காவ்காவ்' என்ற சொல்லால் ஒகினாவா பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் பழித்தனர்.

அந்தப் பழிச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருந்தது. ஒகினாவா உணவில் பன்றி இறைச்சிக்கு முதலிடம். பிற ஜப்பானியர் இழிவாகக் கருதிய பன்றி வளர்ப்பை ஒகினாவா குடும்பங்கள் கையில் எடுத்தன. உணவகங்களிலும் வீடுகளிலும் மிஞ்சிய உணவைச் சேகரித்து வந்து, வேகவைத்துத் தீவனமாக்கினர். தோட்ட முதலாளியின் தயவின்றி, சொந்தக் கணக்கில் நடத்தக்கூடிய தொழிலாக அது அமைந்தது. எச்சில் உணவு எடுக்கச் சென்ற அடுக்களைகளின் வழியாகவே உணவகத் தொழிலுக்குள்ளும் பலர் நுழைந்தனர். பிற்காலத்தில் ஹவாய் முழுவதும் பெயர் பெற்ற உணவகங்கள், பேரங்காடிகள் சிலவற்றை ஒகினாவா குடும்பங்களே நிறுவின.

முதலீடு எங்கிருந்து வந்தது? வங்கிகள் கடன் தரத் தயாராக இல்லாத காலத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது 'மோவாய்' அல்லது 'தனோமோஷி' எனப்படும் முறை. ஒரே ஊரைச் சேர்ந்த சிலர் மாதந்தோறும் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்வார். தமிழகத்தில் சீட்டுப் பிடிப்பது என்கிறோமே, ஏறத்தாழ அதுவே. எழுத்து உறுதியை விட ஊர்க்காரர் என்ற நம்பிக்கையே பிணையாக இருந்தது. பிறர் ஒதுக்கியதால் ஊர்ச் சங்கங்கள் இறுகின. இறுகிய சங்கங்களால் சீட்டு தவறாமல் நடந்தது.

பள்ளிக்கூடம் பிரித்த பாதை

தோட்டத்தில் கங்காணி வேலையோ கைத்தொழில் வேலையோ கிடைக்கும் என்ற உறுதி இருந்த குடும்பத்தில், பிள்ளையை உயர்நிலைப் பள்ளிவரை படிக்கவைக்க வேண்டிய கட்டாயம் குறைவு. போர்ச்சுகீசியப் பிள்ளைகளில் பலர் இளவயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றனர். தொடக்கத்தில் சலுகையாக இருந்தது, தோட்டத் தொழில் சுருங்கத் தொடங்கியதும் சுமையானது. பின்னாளில் ஹவாயின் உள்ளூர் நகைச்சுவையில் போர்ச்சுகீசியரை அறிவு குறைந்தவர்களாகச் சித்திரிக்கும் துணுக்குகள் பெருகின. 'உக்குலேலே' இசைக்கருவியைத் தீவுக்குத் தந்த சமூகத்துக்கு அது நியாயமற்ற பட்டம்.

ஆசியத் தொழிலாளியின் மகனுக்குத் தோட்டத்தில் மேலே செல்லப் படிக்கட்டே இல்லை. எனவே பள்ளிக்கூடமே வெளியேறும் வழியாயிற்று. அதிலும் தடைகள் இருந்தன. 1924 முதல் அரசு நடத்திய 'ஆங்கிலத் தரப் பள்ளிகள்', பேச்சு ஆங்கிலத் தேர்வின் மூலம் மாணவர்களைச் சேர்த்தன. நடைமுறையில் அவை வெள்ளையர் பள்ளிகளாகவே இருந்தன. ஆனால் 1900-க்குப் பிறகு ஹவாயில் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்கள். தந்தைக்கு மறுக்கப்பட்ட வாக்கு மகனுக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் அந்தத் தலைமுறையை ஒரேயடியாக முன்னே தள்ளியது. ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 100-வது பட்டாலியனிலும் 442-வது படைப்பிரிவிலும் ஒகினாவா இளைஞர்களும் போரிட்டனர். டேவிட் இகேவின் தந்தையும் அவர்களில் ஒருவர். போர் முடிந்து திரும்பியவர்களின் கல்லூரிக் கட்டணத்தை முன்னாள் படைவீரர் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு செலுத்தியது. ஆசிரியர், வழக்குரைஞர், அரசு அலுவலர் என ஒரு நடுத்தர வர்க்கம் உருவானது. 1954 தேர்தலில் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கில் இருந்த குடியரசுக் கட்சியை வீழ்த்தி ஜனநாயகக் கட்சி சட்டப்பேரவையைக் கைப்பற்றியதில் இவர்களின் பங்கு பெரிது.

எண்கள் மறைப்பவை

இன்றைய ஹவாயின் வருவாய், கல்விப் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு 'ஆசியர்', 'வெள்ளையர்' என ஒப்பிடுவோர் இரு சிக்கல்களை எதிர்கொள்கின்றனர். 1940 கணக்கெடுப்பிலிருந்து போர்ச்சுகீசியர் வெள்ளையர் பிரிவில் சேர்க்கப்பட்டனர். சர்க்கரைத் தொழிலை ஆண்ட 'பெரும் ஐந்து' நிறுவனக் குடும்பங்களின் வாரிசு, மடெய்ராக் கூலியின் பேரன், பெருநிலத்திலிருந்து அண்மையில் வந்த படைவீரர் ஆகிய மூவரும் ஒரே சராசரிக்குள் அடைபடுகின்றனர். மறுபக்கம், ஒகினாவா மக்கள் பொதுவாக ஜப்பானியர் கணக்கிலேயே வருகின்றனர். இரு சமூகங்களுமே பெரிய தலைப்புகளுக்குள் கரைந்துவிடுவதால், அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடும் பல முடிவுகள் ஊகத்தின் மேல் கட்டப்பட்டவை.

வம்சாவளியே விளைவைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒகினாவாவிலேயே கிடைக்கிறது. 1945-இல் அங்கு நடந்த போரில் பொதுமக்களில் நான்கில் ஒரு பங்கினர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1972 வரை தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே கொண்ட ஒகினாவாவில், அமெரிக்கப் படைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 70 சதவீதம் இன்றும் உள்ளது. தனிநபர் வருவாயில் ஒகினாவா நெடுங்காலமாகக் கடைசி வரிசையில் இருக்கிறது. அந்த மாவட்ட நிர்வாகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி குழந்தைகளில் 29.9 சதவீதத்தினர் வறுமையில் வாழ்ந்தனர். அப்போதைய தேசியச் சராசரி 16.3 சதவீதம்.

நீண்ட ஆயுளுக்குப் புகழ்பெற்ற மரபு என்ற பெருமையும் அசைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஜப்பானின் 47 மாவட்டங்களில் 26-வது இடத்துக்குச் சரிந்தது. மக்கள் அதே மக்கள். மாறியது உணவும் வாழ்க்கை முறையும்.

தாயகம் சிதைந்தபோது ஹவாய் உறவினர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1948-இல் சுமார் 50 ஆயிரம் டாலர் திரட்டி, அமெரிக்கப் பெருநிலத்தில் 550 பன்றிகளை வாங்கி, கப்பலில் ஒகினாவாவுக்கு அனுப்பினர். ஹவாயைச் சேர்ந்த ஏழு பேர் அவற்றுடன் பயணம் செய்தனர். ஒரு காலத்தில் பழிச்சொல்லாக இருந்த அதே விலங்கு.

இரு குடியேறிய சமூகங்களையும் ஒப்பிடுகையில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஹவாய் அரசி லிலியுவோகலானி 1893-இல் ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். பூர்வகுடிகளுக்கு வீட்டு நிலம் வழங்க 1921-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த நிலத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் இன்றும் பல்லாயிரம் பெயர்கள் உள்ளன. விண்ணப்பித்து, நிலம் கிடைக்காமலேயே இறந்தவர்களும் பலர்.