குரல்பதிவும் சொல்லின் ஈறும்
வீட்டுக் குரல்பதிவுக்கேற்ற இணைப்புக் கருவியைத் தேர்ந்துகொள்ளும் முறை

முன்னுரை

அச்சுநூல் வாசகனின் கண்ணைத் தேடிச் செல்வது போல, இன்று ஒலிநூல் கேட்பவனின் காதைத் தேடிச் செல்கின்றது. ஆவணப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாடவிளக்கங்களுக்கும் பின்னணிக் குரல் தேவைப்படுகின்றது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிந்து தரும் தொண்டும் வளர்ந்து வருகின்றது. முன்னாளில் இப்பணிகளுக்குக் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களையே நாடவேண்டியிருந்தது. திருத்தணியிலிருந்து சென்னை ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவு. அவ்வளவு தூரம் நாள்தோறும் சென்றுவர இயலாத மாணவர்களும், குறிப்பாக மாணவியரும், இன்று தம் வீட்டறையிலிருந்தே குரல்பதிவு செய்து அனுப்ப இயலும். தமிழ் பயின்றோர்க்கு இஃதொரு நல்ல வாய்ப்பு.

இதற்குத் தேவையான கருவிகளுள் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ எனப்படும் ஒலி இணைப்புக் கருவி தலையாயது. சந்தையில் இக்கருவிகள் பலவாகும். எதனை வாங்குவது என்னும் மயக்கம் மாணவர்க்கு இயல்பாக எழுகின்றது. விற்பனையாளர் கூறும் எண்களைக் கொண்டு தேர்வதைவிடத் தமிழ்மொழியின் ஒலி இயல்பைக் கொண்டு தேர்வதே பொருத்தமாகும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ச் சொல்லின் ஈறு

மொழிக்கு இறுதியாகும் எழுத்துகள் 24 என்று நன்னூலார் வகுப்பார். உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1 என்பன அவை. அம்மெய்கள் பதினொன்றும் மெல்லினமும் இடையினமுமே. வல்லின மெய் ஒன்றேனும் சொல்லுக்கு ஈறாவதில்லை. மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை, குற்றியலுகரத்துக்கும் அரை. ஆகவே தமிழ்ச் சொற்களுள் பெரும்பாலன மெல்லிய, குறுகிய ஒலியிலேயே முடிகின்றன என்பது தெளிவு.

இவ்வாறு முடியும் இடத்தில்தான் பொருளும் தங்கியுள்ளது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தாய் என்னும் நான்கு வினைமுற்றுகளையும் நோக்குக. ‘வந்தா’ என்னும் பகுதி நான்கிற்கும் பொது. ஆண்பால், பெண்பால், பலர்பால் அல்லது உயர்வு, முன்னிலை என்னும் வேறுபாடு முழுவதையும் இறுதியில் நிற்கும் அரைமாத்திரை மெய் ஒன்றே தாங்குகின்றது.

நம் ஊர் எல்லையூர். 1953-இல் ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் அமைந்து, 1960 ஏப்ரல் முதல்நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது திருத்தணி. தமிழும் தெலுங்கும் ஒருங்கே கேட்டு வளர்ந்த செவி இவ்வூரார்க்கு உண்டு. தெலுங்கில் இவ்வினைகள் முறையே வச்சாடு, வச்சிந்தி, வச்சாரு என வரும். ஒவ்வொன்றும் உயிரொலியில் முடிதலின், பதிவில் சற்று இரைச்சல் கலந்தாலும் அவை தப்பிப் பிழைக்கும். தமிழ் ஈறோ இரைச்சலில் மூழ்கிவிடும். இரு மொழியிலும் குரல்கொடுக்க விழையும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும்.

நம் சமுதாயத்தார்க்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. அல்லாஹ்வைக் குறிக்குங்கால் அவன் ஏகத்துவம் விளங்கக் ‘கூறுகின்றான்’ என்று ஒருமையிலும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறிக்குங்கால் ‘கூறினார்கள்’ என்று மரியாதைப் பன்மையிலும் சொல்வது தமிழ் முஸ்லிம்களின் மரபு. அச்சில் இம்மரபைப் பிழையின்றிக் காத்து வருகின்றோம். ஒலிப்பதிவில் ஈறு தேய்ந்தொழியுமாயின், யார் கூற்று எது என்னும் தெளிவே குலைந்துவிடும். கருவித் தேர்வில் நாம் காட்டவேண்டிய கவனத்துக்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

கருவி செய்யும் பணி

ஒலிவாங்கியாகிய மைக், காற்றின் அதிர்வை மிக நுண்ணிய மின்னலையாக மாற்றுகின்றது. இணைப்புக் கருவி அம்மின்னலையைப் பெருக்குகின்றது. பின்னர் எண்களாக மாற்றி, யு.எஸ்.பி. வடத்தின் வழியாகக் கணினிக்கு அனுப்புகின்றது. கணினியிலிருந்து வரும் ஒலியை மீண்டும் மின்னலையாக்கி ஹெட்ஃபோனுக்குத் தருகின்றது. குரலுக்கு அழகூட்டுவது அதன் வேலையன்று. வாங்கியதைக் கெடாமல் ஒப்படைப்பதே அதன் வேலை.

மைக் இருவகைப்படும். டைனமிக் மைக் தானே மின்னலையை உண்டாக்கும். ஆயின் அது மெலிந்தது. கண்டென்சர் மைக் மிகுதியான மின்னலையைத் தரும். ஆயின் இயங்குவதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். இதனை ‘ஃபான்டம் பவர்’ என்பர். 1966-இல் நியூமன் நிறுவனத்தார் நோர்வே நாட்டு வானொலிக்காக இவ்வகை மைக்கை வடிவமைத்தபோது, அந்நிலையத்தில் அவசரகால விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் முன்பே இருந்தமையால் அவ்வளவே நிலைபெற்றது என்பர். கண்டென்சர் மைக் வைத்திருப்போர், தாம் வாங்கும் கருவியில் 48 வோல்ட் பொத்தான் உள்ளதா என்பதை முதற்கண் நோக்குக.

பெருக்கும் திறனும் இரைச்சலும்

ஒரே அளவான ஒலிக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்னும் கண்டென்சர் மைக் 14.1 மில்லிவோல்ட் தருமிடத்து, ஷூர் எஸ்.எம்.7பி என்னும் புகழ்பெற்ற டைனமிக் மைக் 1.12 மில்லிவோல்ட் மட்டுமே தருகின்றது. ஏறத்தாழ பன்னிரண்டரை மடங்கு வேறுபாடு! எனவேதான் அம்மைக்குக் குறைந்தது 60 டெசிபெல் பெருக்கம் வேண்டும் என்று ஷூர் நிறுவனத்தாரே பரிந்துரைக்கின்றனர். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 கருவியின் மூன்றாம் தலைமுறை 56 டெசிபெல் வரையே பெருக்கும். 2023-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை 69 டெசிபெல் வரை பெருக்கும். பெயர் ஒன்றாயினும் திறன் வேறாதலைக் காண்க. பழைய கருவி ஏடி2020 மைக்குக்குப் போதும், எஸ்.எம்.7பி மைக்குக்கு இடர்ப்படும். ஆகவே மைக்கை முடிவு செய்யாமல் கருவியை முடிவு செய்தல் பொருந்தாது.

அடுத்து நோக்கற்பாலது முன்பெருக்கியின் சொந்த இரைச்சல். விவரத்தாளில் இதனை ‘ஈ.ஐ.என்.’ என்னும் குறியீட்டால் குறிப்பர். நல்ல கருவிகளில் இது −127 முதல் −129 டி.பி.யு. வரை அமையும். எதிர்க்குறியோடு வரும் எண் பெரிதாகப் பெரிதாக இரைச்சல் குறையும். இயற்கை விதிப்படி, 150 ஓம் மின்தடைக்கு இதன் எல்லை ஏறத்தாழ −131. ஆதலின் நல்ல கருவிக்கும் மிக விலையுயர்ந்த கருவிக்கும் இவ்வகையில் இடைவெளி சிறிதே. மலிவான சில கருவிகளிலோ கெய்ன் திருகியை முழுமையாகத் திருப்பிய அளவில் ‘உஸ்’ என்னும் ஒலி எழும். வந்தான் என்பதன் னகரமும் காது என்பதன் குற்றியலுகரமும் முதலிற் பலியாவது அவ்வொலிக்கே.

எண்களின் மயக்கம்

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் எண் 192 கிலோஹெர்ட்ஸ் என்பதாகும். ஒரு நொடியில் ஒலியலையை எத்தனை முறை அளந்து பதிவது என்பதைக் குறிப்பது அது. நொடிக்கு 44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள் பதிவாகும். மனிதச் செவியின் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ். எனவே குரல்பதிவுக்கு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் போதுமானது. 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பின் அளவைப் பெருக்குமேயன்றிக் குரலின் தெளிவைப் பெருக்காது.

பயன் தரும் எண் வேறொன்று. 16 பிட் பதிவில் ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியும், 24 பிட் பதிவில் 144 டெசிபெல் இடைவெளியும் கோட்பாட்டளவில் உண்டு. 24 பிட்டில் பதியுங்கால், உரத்த சொல்லுக்கு இடம்விட்டு, உச்ச அளவு −12 டெசிபெல் அளவில் நிற்குமாறு தாழ்த்திப் பதியலாம். மெல்லிய ஈறும் சிதையாது, வல்லோசையும் வெடிக்காது.

உள்ளீடுகளின் எண்ணிக்கையிலும் மயங்க வேண்டுவதில்லை. ஒருவர் வாசிப்பதற்கு மைக் உள்ளீடு ஒன்றே போதும். ஊர்ப் பெரியோரின் பேச்சையும் நாட்டார் வழக்குகளையும் நேர்காணலாகப் பதிய எண்ணுவோர் மட்டும் இரண்டு மைக் உள்ளீடுடையதை வாங்குக. முதியவரின் தாழ்ந்த குரலுக்கும் மாணவரின் எடுத்த குரலுக்கும் தனித்தனியே கெய்ன் வைக்க அது துணைசெய்யும்.

தன் குரலைத் தானே கேட்டல்

வாசிப்பவர் ஹெட்ஃபோனில் தம் குரலை உடனுக்குடன் கேட்டல் இன்றியமையாதது. குரல் கணினிக்குள் சென்று திரும்புவதாயின் சிறிது காலம் தாழ்க்கும். 48 கிலோஹெர்ட்ஸில் 512 மாதிரிகளைத் தேக்கி அனுப்பும் அமைப்பில் ஒருவழிக்கே ஏறத்தாழ 10.7 மில்லிநொடி ஆகும். சென்று திரும்புங்கால் அது இருமடங்காகும். தன் குரல் எதிரொலிபோல் பின்தொடர, வாசிப்பவர் தடுமாறுவார். சொல்லின் ஈற்றை நீட்டுவார், அல்லது விழுங்குவார். இதனைத் தவிர்க்கக் கருவியிலேயே குரலைத் திருப்பித் தரும் ‘டைரக்ட் மானிட்டர்’ வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குதல் நலம்.

வீடும் மின்சாரமும்

நல்ல கருவியையும் வீட்டு மின்சாரம் கெடுத்துவிடும். நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். அதன் ‘ம்ம்’ என்னும் முழக்கம் 50, 100 ஹெர்ட்ஸ் எனப் பதிவில் புகும். பல வீடுகளில் சுவரில் மூன்றாம் துளை இருக்கும். அதன் பின்னே எர்த் இணைப்பு இராது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பார்க்க. முழக்கம் மறையுமாயின் குற்றம் கருவியிடம் இல்லை என்று அறிக. யு.எஸ்.பி. வடத்திலேயே மின்சாரம் பெறும் கருவியாயின், மடிக்கணினியின் மின்கலத்தைக் கொண்டே முழுப்பதிவையும் முடிக்கலாம். மின்தடையும் இடையூறு செய்யாது.

அறையும் கருதற்பாலது. கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் கொண்ட வெற்றறையில் கைதட்டினால் ஓசை தங்கி ஒலிக்கும். ஜமக்காளமும் மெத்தையும் துணிமணி நிறைந்த அலமாரியும் அவ்வோசையை உட்கொள்ளும். அரக்கோணம் - ரேணிகுண்டா தடத்தில் ஓடும் தொடர்வண்டிகளின் அதிர்வும், ஆடிக் கிருத்திகை நாள்களின் ஒலிபெருக்கியும் நம் ஊரில் தவிர்க்கவொண்ணாதவை. நேரம் பார்த்துப் பதிவதொன்றே அவற்றுக்கு மருந்து. இவை செய்யாமல் விலையுயர்ந்த கருவி வாங்குதல் ஓட்டைக் குடத்துக்குப் பொன்முலாம் பூசுவதை ஒக்கும்.

இரைச்சல் நீக்கியின் தீங்கு

‘இரைச்சல் இருந்தாலென்? மென்பொருளால் நீக்கிவிடலாமே’ என்பார் உளர். ‘நாய்ஸ் கேட்’ என்னும் வசதி, குறித்த அளவுக்குக் கீழே தாழும் ஒலி அனைத்தையும் வாயில் அடைப்பதுபோல் அடைத்துவிடும். இரைச்சலோடு சேர்ந்து வெளியே தள்ளப்படுவது எது? உயிரொலியினும் தாழ்ந்து நிற்கும் ஈற்றெழுத்து. பாட்டு, எழுத்து, மார்பு என்னும் சொற்களின் குற்றியலுகரம் வெட்டுண்டு போகும். அரைமாத்திரையை அளந்து வைத்தனர் இலக்கண நூலார். அதனை அறியாத மென்பொருள் கால்மாத்திரையும் விட்டுவைப்பதில்லை.

ஒலிநூல் வெளியிடுவோரும் அளவு வகுத்துள்ளனர். ஆடிபிள் நிறுவனத்தின் ஏ.சி.எக்ஸ். தளத்தார், பதிவின் சராசரி அளவு −23 முதல் −18 டெசிபெல்லுக்குள்ளும், உச்சம் −3 டெசிபெல்லைத் தாண்டாமலும், அமைதியின்போது உள்ள இரைச்சல் −60 டெசிபெல்லுக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்கின்றனர். பதியும்போதே இவ்வளவுக்குள் அமைந்துவிட்டால் நாய்ஸ் கேட் தேவையே இராது.

முன்னோர் காட்டிய வழி

இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் குரலைத் தமிழகம் நன்கறியும். மத்திய அலை வானொலியில் ஒலியின் உயரெல்லை ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸ் அளவினதே. அதனோடு வான்வெளி இரைச்சலும் கலந்துவரும். அத்தகைய குறுகிய வழியிலும் லகர ளகர ழகர வேறுபாடு நீங்காமல், சொல்லின் ஈறு தேயாமல் அவர் குரல் கடல்கடந்து வந்தது. கருவியின் குறையைப் பயிற்சி பெருமளவு வென்றது எனலாம். இன்றைய எளிய இணைப்புக் கருவியும் அவ்வலைவரிசையினும் பன்மடங்கு தெளிவானது. எஞ்சியிருப்பது நம் பயிற்சியே.

வாங்குமுன் ஒரு சோதனை

கூடுமாயின், நண்பரிடமுள்ள கருவியை இரவல் பெற்றோ கடையிலோ பின்வருமாறு சோதித்துப் பார்க்க. நும் மைக்கை இணைத்து, வந்தான், வந்தாள், வந்தார், வந்தாய் என்னும் நான்கையும் முறைமாற்றித் தாழ்ந்த குரலில் இருபது முறை பதிக. எழுத்துப் பார்க்காத ஒருவரிடம் பதிவைத் தந்து, கேட்டதை எழுதச் சொல்க. இருபதும் பிழையின்றி எழுதினாராயின் அக்கருவி நுமக்குப் போதும். அதனினும் விலை கூடியது வேண்டுவதில்லை. பிழை நேருமாயின், அறை, மைக் இருக்கும் தொலைவு, கெய்ன், கருவி என்னும் வரிசையில் காரணம் தேடுக. தொடக்கநிலை மாணவர்க்குக் கைப்பேசியோ, இணைப்புக் கருவியைத் தன்னுள்ளேயே கொண்ட யு.எஸ்.பி. மைக்கோ இச்சோதனையில் தேறுமாயின், அதுகொண்டே பணி தொடங்கலாம். ஈட்டிய பொருளில் பின்னர்க் கருவி வாங்கலாம்.

முடிவுரை

மைக்குக்கேற்ற பெருக்கம், குறைந்த சொந்த இரைச்சல், 24 பிட் பதிவு, 48 வோல்ட் வசதி, காலந்தாழாது கேட்கும் ஏற்பாடு என்னும் ஐந்தும் அமைந்த கருவி குரல்பதிவுக்கு ஏற்றது. ஏனைய எண்கள் விற்பனைக்கு உதவுவன. ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் மாறிய காலத்தில், எழுத்துப் பிழை புகாமற் காக்க நம் புலவர்கள் இரவு பகலாக மெய்ப்புத் திருத்தினர். அச்சிலிருந்து ஒலிக்கு மாறும் இக்காலத்தில் அப்பணி கேட்கும் செவியினுடையது. மாணவச் செல்வங்கள் தம் பதிவை வெளியிடுமுன் ஒருமுறை கண்மூடிக் கேட்டு, ஒவ்வொரு சொல்லும் இறுதிவரை வந்து சேர்ந்ததா என்று நோக்குவார்களாக.